மூக்கு மலையைத் தேடி... ஒரு டேங்க் பயணம்!

செமஸ்டர் முடிஞ்ச மறுநாள் உங்க பிளான் என்ன பாஸ்? தூக்கம், சினிமா, மறுபடியும் தூக்கமா? ‘வாழ்க்கையில ஒருதடவையாவது பைக்ல லடாக் போயிடணும் மச்சி’னு சொல்லிக்கிட்டே ஹாஸ்டல் மொட்டைமாடியைத் தாண்டாத கோஷ்டியா நீங்க? அப்படின்னா வாங்க. லடாக் அங்கேயேதான் இருக்கும். ஒரே நாள்ல, ஒரு டேங்க் பெட்ரோல்ல, கடற்கரையில ஆரம்பிச்சு மலையடிவாரம் வரைக்கும் போயிட்டுத் திரும்ப ஒரு ரூட் இருக்கு. கன்னியாகுமரி மாவட்டம்!

‘அட, சூரிய உதயம், சங்கு மாலை... எல்லாம் ஸ்கூல் டூர்லயே பாத்தாச்சே’னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. நான் சொல்றது டூரிஸ்ட் பஸ் நிக்காத குமரியை.

போன டிசம்பர் கடைசியில திருநெல்வேலியில இருந்து கிளம்பினோம். ரெண்டு பைக், நாலு பேர். ஒண்ணு அப்பா காலத்து ஸ்ப்ளெண்டர், இன்னொண்ணு பல்சர். எல்லாரும் சிவில் மூணாம் வருஷம். அதுல ஒருத்தனுக்கு குளச்சல் பக்கம் ஒரு மீனவ கிராமம். கிளாஸ்ல அவன் பேரே ‘குளச்சல்’தான். காவல்கிணறு ஜங்ஷன்ல இடதுபக்கம் திரும்பி, குமரி முனையில சூரியனுக்கு அட்டெண்டன்ஸ் போட்டோம். 133 அடி வள்ளுவர், 2024 டிசம்பர்ல திறந்த கண்ணாடிப் பாலம், ரெண்டுக்கும் கரையில இருந்தே ஒரு வணக்கம். கிளம்பிட்டோம்.

நிஜமான பயணம் அதுக்கப்புறம்தான் ஆரம்பம். மெயின் ரோட்டை விட்டுட்டு கடலோரமா மேற்கே போற ரோட்டைப் பிடிங்க. கோவளம், மணக்குடி, பள்ளம்னு ஊர் ஊரா வரும். மணக்குடியில ஆறு கடல்ல சேர்ற இடத்துல ஒரு பாலம் இருக்கு. அங்கே முன்னால இருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி தூக்கி எறிஞ்சிடுச்சு. நாங்க போனது கிறிஸ்துமஸ் வாரம். வீட்டு வாசல் எல்லாம் ஸ்டார், குடில். அதே வாரத்துலதான் சுனாமி நினைவு நாளும் வருது. அந்தக் கரையில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு.

முட்டம் பாறை மேல ஏறி நின்னா, ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்த இடம்னு யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வாங்க. அடுத்து குளச்சல். 1741-ல திருவிதாங்கூர் படை டச்சுக்காரங்களைத் தோற்கடிச்ச ஊர். ஆனா எங்களுக்கு அப்போ வரலாறு முக்கியமில்லை, வயிறுதான். ‘குளச்சல்’ வீட்டுல மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் ரெடி!

சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது அவன் அப்பா கடல்ல இருந்து வந்தார். ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே, “எங்க, மலைக்கா போறிய மக்கா?”னு கேட்டார். ஆமாம்னோம். “முப்பது வருஷமா அந்த மலையப் பாத்துதான் வீட்டுக்கு வாறேன். பக்கத்துல போயிப் பாத்ததில்ல” அப்படின்னார்.

புரியலைல்ல? எங்களுக்கும் புரியலை. அவரே விளக்கினார். கடலுக்கு அடியில மீன் கூடுற பாறைக்கு ‘பார்’னு பேரு. மேல இருந்து பாத்தா வெறும் தண்ணிதான். அதை எப்படிக் கண்டுபிடிக்கறது? கரையில தெரியற மாதா கோயில் கோபுரமும், அதுக்குப் பின்னால இருக்கற மலை முகடும் ஒரே நேர்கோட்டுல வரணும். இன்னொரு பக்கம் வேற ரெண்டு அடையாளம் அதேமாதிரி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரணும். ரெண்டு கோடும் வெட்டுற இடத்துல தூண்டிலைப் போடலாம். சர்வேயிங் லேப்ல தியோடலைட்டை லெவல் பண்றதுக்கே அரை மணி நேரம் எடுத்துக்கற நாங்க, கிழங்கை மெல்ல மறந்து கேட்டுக்கிட்டு இருந்தோம்.

“இப்ப ஜி.பி.எஸ். இருக்கே?”

“இருக்கு. பேட்டரி தீந்தா மலைதான்.”

அவருக்குப் பிடிச்ச மலைக்கு மூக்கு உண்டாம். உச்சியில ஒரு பாறை, ஆள் மூக்கு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குமாம். ‘குளச்சல்’ அதைப் பாத்ததே இல்லை. கரையில நின்னா தென்னை மறைக்கும். மரத்துக்கு மேல மலை எழும்பணும்னா கொஞ்ச தூரம் கடலுக்குள்ள போகணும். அவனை அம்மா வள்ளத்துல ஏற விட்டதில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அப்பா கடல்ல இருந்தார். நாலாம் நாள்தான் கொச்சியில இருந்து போன் வந்துச்சு. அதே தெருவுல சில வீடுகளுக்கு அந்த போன் வரவே இல்லை. இதை எல்லாம் அவன் ரெண்டரை வருஷமா எங்ககிட்ட சொன்னதும் இல்லை.

“நீங்களும் வாங்களேன்”னு கூப்பிட்டோம். “நாளைக்கும் கடல் இருக்குல்லா”னு சிரிச்சார். அம்மா மட்டும் வாசல் வரைக்கும் வந்து, “பைய போங்க மக்களே”ன்னாங்க.

அதுக்கப்புறம் எங்க டூருக்கு ஒரு வேலை கிடைச்சிடுச்சு. மூக்கு மலையைக் கண்டுபிடிக்கணும்!

தக்கலை, அழகியமண்டபம், திருவட்டாறு. ரோடு லேசா ஏற ஆரம்பிச்சதும் உப்புக் காத்து போயி ரப்பர் வாசனை வரும். வீட்டு முன்னால கொடியில துணி மாதிரி ரப்பர் ஷீட் காயும். மாத்தூர் தொட்டிப் பாலத்துல பைக்கை நிறுத்தினோம். 1960-கள்ல கட்டினது. 115 அடி உயரத்துல, 28 தூண் மேல, ஒரு கால்வாயே ஆத்தைத் தாண்டிப் போகுது! சிவில் பசங்களுக்கு அது கோயில் மாதிரி. மேல நடந்து போனா வடகிழக்குல மலைத்தொடர். ‘குளச்சல்’ கூரா இருந்த ஒரு முகட்டைப் படம் எடுத்து அனுப்பினான். ரெண்டே நிமிஷத்துல அப்பாவோட வாய்ஸ் மெசேஜ்: “அது இல்ல மக்கா. நம்மது அதுக்குத் தெக்க.”

அடுத்து குலசேகரம் வழியா பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் காலத்துல, 1906-ல முடிச்சது. கட்டின இன்ஜினீயர் மிஞ்சினோட கல்லறையும் பக்கத்துலயே இருக்கு. தண்ணிக்குப் பின்னால மலை, கை நீட்டினா தொடலாம்போல. ஆனா மூக்கு? எங்கேயும் இல்லை! கிட்டப் போகப் போக மலை வெறும் காடா, பாறையா, சரிவாப் பிரிஞ்சு போயிடுது. கடைசியில ‘குளச்சல்’ கேமராவைப் பையில போட்டுட்டு, “வுடு மச்சான், போலாம்”னான். பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

சாயங்காலம் அவனை வீட்டுல விடறதுக்காக அதே வழியா இறங்கினோம். திங்கள்நகர் தாண்டி ஒரு குளக்கரை. தென்னை விலகி வயலாத் திறந்திருந்த இடம். பின்னால உட்கார்ந்திருந்தவன் திடீர்னு என் தோளைத் தட்டினான். நிறுத்தித் திரும்பிப் பாத்தா... நீல மலை. உச்சியில, தெளிவா, ஒரு மூக்கு! காலையில அதே ரோட்டுல அதைப் பாத்தபடியேதான் வந்திருக்கோம். அப்போ மேகம் மூடியிருந்துச்சு.

போட்டோ போச்சு. பதில் வந்துச்சு. “அதான்.” கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொண்ணு: “இருட்டும் முன்ன வீட்டுக்கு வாங்க.”

அவன் அந்தக் குளக்கரையில ரொம்ப நேரம் நின்னான். நாங்க ஹாரன் அடிக்கலை.

நீங்க கிளம்பறதுக்கு முன்னால சில விஷயம். லைசென்ஸ், பின்னால உட்கார்றவருக்கும் சேத்து ரெண்டு ஹெல்மெட், சரியான டயர் காத்து... இது மூணும் இல்லைன்னா சாவியைத் தொடாதீங்க. இறக்கத்துல நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்காம, கியர்லயே இறங்குங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆரல்வாய்மொழி கணவாய்ல காத்து பக்கவாட்டுல தள்ளும். முப்பந்தல்ல அத்தனை காத்தாடி சும்மாவா நிக்குது? லாரியை ஓவர்டேக் பண்ணினதும் மறைப்பு போயி சட்டுனு அடிக்கும், உஷார். காட்டுக்குள்ள போற ரோடுன்னா வனத்துறை செக்போஸ்ட்ல கேட்டுட்டுப் போங்க. பாறைமேல நின்னு கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், ‘வியூ பாயின்ட்’னு போர்டு இருக்கற இடத்துல மட்டும் பைக்கை நிறுத்தாதீங்க. அந்த ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட, ‘நீங்க தினமும் எதைப் பாப்பீங்க?’னு கேட்டுட்டு அங்கே நிறுத்துங்க.

மத்தபடி, பைய போங்க மக்களே!