கையை எடுத்துவிட்டுப் படி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரன், எட்டாம் வகுப்பு படிப்பவன், நம் குருசுக்குப்பம் கடற்கரைக் கருங்கல் மேல் ஓடி வழுக்கி விழுந்தான். மேல்வரிசை முன்பல் பாதி உடைந்துவிட்டது. உடைந்த துண்டு கல் இடுக்கில் போய்விட்டது. முட்டிக் காயத்துக்கு அழாதவன், கண்ணாடியைப் பார்த்ததும் அழுதான். "பல்லுதானேடா, சரியாயிடும்" என்றேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்தக் கை எனக்கு வேறொரு கையை நினைவுபடுத்தியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மறுநாள் பல் டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்தார். நரம்பு வரை போகவில்லை, ஊசிகூட வேண்டாம் என்றார். முதலில் பல்லின் நிறத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பல் காய்ந்தால் வெளுத்துத் தெரியுமாம், அதனால் நிறம் பார்ப்பதுதான் முதல் வேலை. பிறகு நீல நிற ஜெல் ஒன்றைத் தடவி, அரை நிமிடத்துக்குள் கழுவினார். அது பாஸ்பாரிக் அமிலம். காய வைத்ததும் அந்த இடம் சாக்பீஸ் மாதிரி வெளுத்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் அங்கே விழுந்திருக்குமாம். பசை அந்தத் துளைகளில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் காம்போசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல ஒளி காட்டி இறுக வைத்தார். கடைசியில் தேய்த்து மெருகேற்றினார். ஒரு மணி நேரத்தில் முழுப் பல்!

இதைப் பக்கத்து வீட்டில் படகு ரிப்பேர் செய்பவரிடம் சொன்னேன். "சார், ஃபைபர் போட்டுக்கு நாங்க பண்றதும் அதுதானே! தேய்ச்சு சொரசொரப்பாக்கிட்டுத்தானே ரெசின் ஊத்துறோம்" என்றார். அவர் சொன்னது சரிதான். படகில் ரெசினும் கண்ணாடி இழையும். பல்லில் ரெசினும் கண்ணாடித் தூளும்.

1955-இல் அமெரிக்காவில் மைக்கேல் புவோனோகோர் என்ற பல் மருத்துவர், உலோகத்தில் பெயின்ட் நன்றாக ஒட்ட அமிலம் தடவுவதைப் பார்த்து, பல்லிலும் செய்து பார்த்தார். ரஃபேல் போவன் அதற்கேற்ற ரெசினை உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்றார்.

அந்த ஆண்டுகளைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. எண்பதுகளில் என் வகுப்பில் ஒரு பெண். செய்யுள் ஒப்பிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். "கையை எடுத்துவிட்டுப் படி" என்று அதட்டினேன். எடுத்தாள். முன்பல் பாதி இல்லை. வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தவர்களை அடக்கவும் இல்லை. குரல் தெளிவில்லை என்று இரண்டு மதிப்பெண் குறைத்தேன். அதன்பின் அவள் கை தூக்கிப் பதில் சொன்னதே இல்லை. மருந்து அப்போதே உலகத்தில் இருந்தது. அவள் வீட்டாருக்குத் தெரியவில்லை. ஒரு வாத்தியாராக நானாவது விசாரித்திருக்கலாம்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது பல் உடைந்தால் துண்டைத் தேடி எடுத்துப் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பல நேரம் அதையே ஒட்டிவிடலாம். முழுப் பல்லே விழுந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப் போடாதீர்கள், கோரிமேட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒட்டிய பல் சாகும்வரை வராது. டீ, காபி, வெற்றிலையில் கறை பிடிக்கும், சில வருடங்களில் பழுது பார்க்க வேண்டிவரும். கரும்பு கடிக்கக் கூடாது. இன்னொன்று, கல்யாண போட்டோவுக்காக நல்ல பல்லை ராவச் சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள். எனாமல் திரும்ப வளராது.

பேரன் இப்போது வாய் கொள்ளாமல் சிரிக்கிறான்.

அம்மா, நீ இதைப் படித்தால், அந்த இரண்டு மதிப்பெண் உன்னுடையதுதான். இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா