பொதிகை: ஊரில்லாத் திருத்தலம்

தென்பாண்டி நாட்டின் மேற்கு எல்லையில் மேகம் சூடி நிற்கும் பொதிகை மலையைக் குறுமுனிவர் அகத்தியரின் உறைவிடமாகப் போற்றுவது நம் மரபு. கயிலையில் அம்மையப்பரின் திருமணத்தைக் காணத் தேவரும் முனிவரும் திரண்டபோது வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. உலகைச் சமன் செய்ய இறைவன் அகத்தியரைத் தென்திசைக்கு அனுப்பினார். மணவிழாவைக் காணாது வந்த முனிவருக்கு, மலையடிவாரமாகிய பாபநாசத்தில் அத்திருமணக் கோலத்தையே காட்டி அருளினார் என்பது தலவரலாறு.

தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் அமைந்த அகத்தியர் மலையின் சிகரம் 1,868 மீட்டர் உயரம் கொண்டது. உச்சிப் பகுதி பாறைமயமானது. ஓயாது வீசும் காற்றால் அங்கே மரங்கள் குட்டையாகவே வளர்கின்றன. அதற்குக் கீழே புல்வெளிகளும், பகலிலும் வெயில் நுழையாத பசுமை மாறாக் காடுகளும் பரந்துள்ளன. வரையாடும், சிங்கவால் குரங்கும், கருமந்தியும், இருவாட்சிப் பறவையும் இம்மலைத்தொடரின் குடிகள். கீழ்ச்சரிவுகளில் காணி மக்களின் குடியிருப்புகள் சில உண்டு. சிகரத்தைச் சூழ்ந்த உயர்காட்டிலோ ஊர் இல்லை, உழவு இல்லை, விளக்கேற்ற ஓர் இல்லமும் இல்லை.

ஆளற்ற இந்தக் காடுதான் நம் ஊர்களை வாழ்விக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் இம்மலையை நனைக்கின்றன. பெய்யும் நீர் உடனே ஓடிவிடுவதில்லை. இலைகள் தாங்கி இறக்க, உதிர்ந்த சருகும் வேர் பின்னிய மண்ணும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. மழை ஓய்ந்த பின்னும் அந்த நீர் சிறுகச் சிறுகக் கசிந்து ஓடைகளில் சேர்கிறது. மேற்குச் சரிவின் நீர் நெய்யாறாகக் கேரளத்துக்குச் செல்ல, கிழக்குச் சரிவின் நீர் தாமிரவருணியாகி நம்மை நாடி வருகிறது. அவள் வற்றாத நதி என்று பெயர் பெற்றது இக்காட்டின் கொடையால்.

அகத்தியர் தம் சீடர் உரோமச முனிவரிடம் ஒன்பது மலர்களைத் தந்து, அவற்றை இந்நதியில் விடுமாறு பணித்தார் என்பர். மலர்கள் ஒதுங்கிய இடங்களே நவகைலாயங்கள். முதல் தலம் பாபநாசம். நிறைவுத் தலம் கடலை அடுத்த சேர்ந்தபூமங்கலம். மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை, கரையெங்கும் கோயில்களும் நெல்வயல்களும் அவள் அருளுக்குச் சான்றாக நிற்கின்றன.

1988-ஆம் ஆண்டில் களக்காடு, முண்டந்துறை வனங்கள் இணைக்கப்பட்டுத் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் ஆயின. 2016-இல் அகத்தியர் மலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ உலகப் பட்டியலில் சேர்த்தது. சிகரத்துக்குக் கேரள வனத்துறை அனுமதியுடன், ஆண்டில் குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே செல்ல இயலும். இத்தகைய கட்டுப்பாடுகள் அடியார் சிலருக்கு வருத்தம் தரக்கூடும். ஆயினும் நம் ஆலயங்களில் கருவறைக்கு வெளியே நின்றுதானே தொழுகிறோம்? விலகி நிற்பதும் வழிபாடே. பொதிகைக் காடு தாமிரவருணியின் கருவறை.

மலையேற இயலாத முதியோர்க்குப் பாபநாசநாதரும் உலகம்மையும் அடிவாரத்திலேயே காத்திருக்கின்றனர். படித்துறையில் நின்று மேற்கே நோக்கிக் கைகூப்பினால் போதும். ஆனால் ஒன்றை மறவாதிருப்போம். பரிகாரம் என்று கருதி உடுத்திய துணிகளை ஆற்றில் விடும் வழக்கம் இங்கே பரவியிருக்கிறது. அத்துணிகள் மீனின் வழியையும் நீரின் தூய்மையையும் கெடுக்கின்றன. ஆடி அமாவாசைக்குக் காட்டினுள் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் செல்வோரும் நெகிழிப் பைகளை அங்கே விட்டு வருதல் தகாது. பாவம் போக்கும் நதியில் நாம் மாசு சேர்த்தால், அதை வேறெந்த நதியில் சென்று போக்குவது?

குறுமுனியின் திருவருளால் பொதிகையில் மழை பொய்யாதிருக்கட்டும். தாமிரவருணித் தாய் நம் பேரக்குழந்தைகளுக்கும் வற்றாது பெருகட்டும்.