தீராக் கணக்கு

புதுச்சேரி நகரின் நடுவே, நேரு வீதியை ஒட்டி அமைந்திருப்பது பெரிய மார்க்கெட். குபேர் அங்காடி என்பது ஏட்டில் உள்ள பெயர். பெரிய மார்க்கெட் என்பதே மக்கள் நாவில் வழங்கும் பெயர். பொழுது புலருமுன்பே அங்கு ஆரவாரம் தொடங்கிவிடும். ஒருபுறம் மல்லிகையும் சாமந்தியும் கூடை கூடையாக மணக்கும். ஒருபுறம் வஞ்சிரமும் வவ்வாலும் வெள்ளிபோல் மின்னும். மற்றொருபுறம் காய்களும் கனிகளும் மலைபோற் குவிந்திருக்கும். மாலையில் கடை கட்டுமுன் ஒவ்வொரு வணிகரும் அன்றைய கணக்கை முடித்துவிடுவர். ஒரு காசு குறைந்தாலும், அஃது எங்கே போயிற்று என்று தேடிக் காணாமல் எழுந்திரார். காசுக்கு உரிய இந்நெறி மனித உயிருக்கும் உரியது என எண்ணி வாழ்ந்த இருவரை அந்த மார்க்கெட் கண்டிருக்கிறது.

அவ்விருவருள் ஒருவர் மளிகைக் கடைக்காரர். இந்திய விமானப்படையில் ஹெலிகாப்டர்களைப் பழுது பார்க்கும் பிரிவில் பணியாற்றி, சார்ஜன்ட் பதவியில் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். மற்றவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த தமிழரைப் புதுச்சேரி மக்கள் சொல்தா என்றே அழைப்பர். போர்வீரன் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் தமிழ் வடிவம் அது. இளமையில் கப்பலேறி இந்தோசீனாவுக்குச் சென்ற அவர், 1954-ஆம் ஆண்டில் அங்குப் போர் ஓயும்வரை இருந்து திரும்பியவர். இருவரும் வணங்கிய கொடிகள் வேறு. கற்ற கட்டளை மொழிகளும் வேறு. ஆயினும் காலைதோறும் மளிகைக் கடையின் முன்னே கிடந்த பலகையில் அமர்ந்து, இருவரும் ஒரே செய்தித்தாளைப் பங்கிட்டுப் படிப்பது வழக்கம்.

1999-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் காலை அவர்கள் படித்த செய்தி நெஞ்சை உலுக்குவதாய் இருந்தது. கார்கில் மலைமுகடுகளில் ஊடுருவியிருந்த பகைவரை அகற்றும் போர் அப்போது நடந்துகொண்டிருந்தது. மே 26 அன்று நம் விமானப்படை தாக்குதலைத் தொடங்கியது. மறுநாள் இரண்டு போர் விமானங்கள் இழக்கப்பட்டன. 28-ஆம் நாள், திராஸ் பகுதியில் உள்ள தோலோலிங் மலையின் மீது தாக்குதல் நடத்தச் சென்ற மி-17 ஹெலிகாப்டர்களுள் ஒன்று, தோளில் வைத்து ஏவப்படும் ஸ்டிங்கர் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டிர், ஃபிளைட் லெப்டினன்ட் முகிலன், சார்ஜன்ட் பிரசாத், சார்ஜன்ட் சாஹு என்பன அவர்தம் பெயர்கள். முகிலைத் தம் பெயரிலே கொண்ட இளைஞர் முகில் தவழும் மலையிலே மறைந்தார். சார்ஜன்ட் என்னும் பதவிப் பெயரைக் கண்டபோது கடைக்காரர் தம் கூடப்பிறந்தவரை இழந்தவர்போல் ஆனார்.

அவர் உள்ளத்தை வருத்தியது துயரம் மட்டுமன்று; ஓர் ஐயமும் அதனுடன் கலந்திருந்தது. ஹெலிகாப்டர் புறப்படுமுன் அதன் உறுப்புக்களைச் சோதித்து, ‘பறக்கத் தக்கது’ என்று 700-ஆம் எண் படிவத்தில் கையொப்பமிடுவது பழுது பார்ப்போர் கடமை. அக்கையொப்பத்தைக் கண்டு, தாமும் ஒப்பமிட்ட பின்னரே வானோடி இருக்கையில் ஏறுவார். முகமறியாத ஒருவரது கையெழுத்தை நம்பி உயிரை ஒப்படைப்பதே வானோடியின் வாழ்க்கை. அத்தகைய கையெழுத்தைப் பல்லாயிரம் முறை இட்டவர் அந்தக் கடைக்காரர்.

“ஐயா, உடன் சென்றவை மீண்டன, இஃது ஒன்று மட்டும் ஏன் வீழ்ந்தது? இதில் ஏதோ குறை இருந்திருக்க வேண்டும். அந்தக் குறை யாருடையது? எங்களைப் போன்றவர் கைப்பிழையோ?” என்று அவர் சொல்தாவிடம் கேட்டார்.

அருகிலிருந்த வணிகர் ஒருவர், “போனவர் போய்விட்டனர். கேட்டறிந்து ஆவது என்ன?” என்றார்.

சொல்தா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர்ப் பூக்கடைகள் இருந்த பக்கம் கைகாட்டி மெல்லக் கூறலானார்:

“தம்பி, அதோ அந்த வரிசையில் முன்பு ஓர் அம்மையார் பூ விற்றுக்கொண்டிருந்தார். அவர் மகனும் நானும் ஒரே கப்பலில் இந்தோசீனாவுக்குச் சென்றோம். அங்கே காயம்பட்டோரை ஏற்றிச் செல்லச் சிறு ஹெலிகாப்டர் வரும். அதை ஓட்டியவர்களுள் வலெரி ஆந்த்ரே என்னும் பெண் மருத்துவரும் ஒருவர். அந்த ஓசை கேட்டால் எங்களுக்குப் போன உயிர் மீளும். ஆனால் எல்லாக் காட்டிலும் அது இறங்க இயலாது. அப்படிப்பட்ட ஒரு காட்டில் நாங்கள் பின்வாங்கியபோது என் நண்பன் காணாமற் போனான். இறந்தான் என்று சொல்வார் இல்லை. இருக்கிறான் என்று சொல்வாரும் இல்லை. நான் ஊர் திரும்பியபோது அந்த அம்மையார், ‘என் மகனைக் கண்டாயா, அப்பா?’ என்று கேட்டார். கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொரு சொல்தாவிடமும் அதையே கேட்டார். சாகும்வரை இரவில் அவர் வீட்டுக் கதவு தாழிடப்பட்டதில்லை. மகன் இறந்தான் என்ற சொல்லை யாரேனும் கொண்டுவந்து தந்திருந்தால், அவர் ஒருநாள் அழுது பல நாள் உறங்கியிருப்பார். கேட்டறிந்து ஆவது என்ன என்கிறீர்களே, அந்தத் தாய்க்கு அதுவன்றோ எல்லாம்!”

இவ்வாறு கூறிய முதியவரின் கண்கள் கலங்கின. வணிகர் தலைகுனிந்தார். கடைக்காரர் தம் பேரேட்டைத் திறந்து அதன் கடைசித் தாளில் இரண்டு வரிகள் எழுதினார். ‘மே 28, தோலோலிங்: ஏன் வீழ்ந்தது?’ என்பது முதல் வரி. ‘பூக்கார அம்மையார் மகன்: என் ஆனான்?’ என்பது அடுத்த வரி. எதிரே இருந்த பகுதிகளை வெறுமையாக விட்டார்.

அன்றுமுதல் அவர் தம்முடன் பணியாற்றி ஓய்வு பெற்ற தோழர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். முன்னாள் படைவீரர் கூடும் இடங்களிற் சென்று உசாவினார். எவர்மீதும் பழி சுமத்த அவர் விரும்பவில்லை. உண்மை அறியவே விழைந்தார். காலம் செல்லச் செல்ல, படையினர் அளித்த விளக்கங்களாலும் போரைப் பற்றி வெளிவந்த நூல்களாலும் செய்தி தெளிவாயிற்று. ஸ்டிங்கர் ஏவுகணை வெப்பத்தை நாடிச் செல்வது. ஹெலிகாப்டரின் இயந்திரச் சூட்டை மோப்பம் பிடிப்பதுபோல் அது தொடர்ந்து செல்லும். அதனை ஏமாற்ற, இயந்திரத்தினும் மிகுதியாகச் சுடரும் எரிபொறிகளை வானோடிகள் வீசுவர். ஏவுகணை அச்சுடரைத் துரத்திச் சென்று வீணாகும். வீழ்ந்த ஹெலிகாப்டரில் அந்த எரிபொறி வீசும் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. இதனை அறிந்தும் அறியாதார்போல், கடமை அழைத்தபோது நால்வரும் பறந்தனர். அவ்விழப்புக்குப் பின்னர், ஆயுதம் தாங்கிய மி-17 ஹெலிகாப்டர்கள் அப்போரில் தாக்குதற் பணியினின்று விலக்கப்பட்டன. ஏவுகணைக்கு எட்டாத உயரத்திலிருந்து குறி தவறாது தாக்கும் மிராஜ் 2000 விமானங்கள் அப்பணியை ஏற்றன.

விடை கிடைத்த நாளில் கடைக்காரர் மகிழ்ந்தாரா, வருந்தினாரா என்று கூறுதல் அரிது. பழுது பார்த்தோர் பிழையன்று என்பதனால் நெஞ்சிலிருந்த முள் ஒன்று நீங்கியது. காப்புக் கருவி ஒன்று இருந்திருப்பின் நால்வரும் மீண்டிருக்கக்கூடும் என்னும் எண்ணம் வேறொரு முள்ளாய்த் தைத்தது. உண்மை எப்போதும் இனிப்பதன்று. எனினும், கசக்கும் மருந்தே நோய் தீர்ப்பதுபோல, கசக்கும் உண்மையே அடுத்த உயிரைக் காக்கிறது. ஒருவர் ஏன் மாண்டார் என்று கேளாத படை, மற்றொருவரையும் அவ்வாறே இழக்கும்.

இத்தகைய வேட்கை ஒரு நாட்டுக்கே உரியதன்று. சொல்தா போரிட்ட அதே மண்ணில் பின்னர் அமெரிக்கர் போரிட்டனர். ஆயிரக்கணக்கான ஹெலிகாப்டர்கள் அங்கு வீழ்ந்தன. வாஷிங்டன் நகரில் 1982-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட கருங்கற் சுவரில், அப்போரில் இறந்தோரும் காணாமற் போனோருமாக 58,000-க்கும் மேற்பட்டோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இறந்தது உறுதியானவர் பெயரருகே சாய்சதுரக் குறியும், காணாமற் போனவர் பெயரருகே சிலுவைக் குறியும் உள்ளன. காணாமற் போனவரின் உடல் எச்சம் கிடைத்து உறுதிப்பட்டால், சிலுவையின்மேல் சாய்சதுரத்தைப் பொறித்துவிடுவர். அந்த ஒரு குறி மாறுவதற்காக, நரைத்த தலையினரான பழைய வீரர்கள், தாம் நினைவில் வைத்திருந்த மலைகளையும் ஆறுகளையும் தேடுவோர்க்குச் சொல்லி உதவினர்.

நம் கடலும் இதற்குச் சான்று கூறும். 2016-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், தாம்பரத்திலிருந்து அந்தமான் நோக்கிப் பறந்த ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. ஏழரை ஆண்டுகள் சென்றபின், தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் நீர்மூழ்கிக் கருவி, ஏறத்தாழ 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது. 2024 ஜனவரியில் அச்செய்தி பெரிய மார்க்கெட்டின் மீன்கடை வரிசையிலும் பேசப்பட்டது. முதுமை எய்தியிருந்த மளிகைக் கடைக்காரர் அதைக் கேட்டு, “அந்த வீடுகளில் இனியேனும் கதவைத் தாழிடுவார்கள்” என்றார். அருகிலிருந்தோர்க்கு அதன் பொருள் விளங்கவில்லை.

நம் முன்னோர் இந்நெறியை அறிந்திருந்தனர். செங்கம் பகுதியில் கிடைத்துள்ள நடுகற்கள், வீழ்ந்த வீரன் இன்னான், இன்ன அரசன் ஆட்சியில், இன்ன பூசலில் பட்டான் என்று உரைக்கின்றன. புகழுரை கூறி அமையாமல், மாண்ட வகையையும் கல்லில் எழுதி வைத்தது அக்காலத் தமிழரின் அறிவுடைமை ஆகும்.

கடைக்காரர் பேரேட்டின் முதல் வரிக்கு எதிரே விடை எழுதப்பட்டுவிட்டது: ‘கைப்பிழை இல்லை, காப்புக் கருவி இல்லை. இனி எவரையும் காப்பின்றி அனுப்பலாகாது.’ இரண்டாம் வரிக்கு எதிரே இன்றும் ஒன்றும் எழுதப்படவில்லை. சொல்தா மறைந்து ஆண்டுகள் பல ஆயின. எனினும், புதுக் கணக்குத் தொடங்கும் நாளில் புதிய பேரேட்டை விரித்ததும், கடைக்காரர் அந்த இரண்டாம் வரியை முன் பாக்கியாக எடுத்து எழுதத் தவறுவதில்லை. தீராக் கணக்கைத் தீர்ந்ததாக எழுதுவது வணிகனுக்கு அழகன்று, மாந்தனுக்கும் அழகன்று.