முதலில் பழைய டயர்

நாமக்கல்லில் பரமத்தி சாலைப் பக்கம் ஒரு டயர் கடை. காலை ஏழு மணிக்கே வாசலில் லாரிகள் வந்து நிற்கும். வருகிற உரிமையாளர் முதலில் விலை கேட்பார். கடைக்காரர் உடனே விலை சொல்ல மாட்டார். "ஏனுங்க, கழட்டின டயரு எங்கீங்க? அதைக் கொண்டாங்க, பார்க்கலாம்" என்பார். புது டயரைத் தேர்ந்தெடுக்கும் வேலை பழைய டயரில்தான் தொடங்குகிறது என்பது முப்பது வருடத் தொழிலில் அவருக்கு ஊறிப்போன விஷயம்.

அன்றைக்கு வந்தது ஒரு பத்துச் சக்கர லாரி. முன் டயரின் வெளிஓரம் மொட்டை. உள்பக்கம் பட்டன் நன்றாகவே இருக்கிறது. "கம்பெனி சரியில்லைங்க, வேற கம்பெனி போட்டுக் குடுங்க" என்றார் உரிமையாளர். கடைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் டயரை வெளியிலிருந்து உள்ளே தடவினார். கை வழுக்கிக்கொண்டு போனது. பிறகு உள்ளிருந்து வெளியே தடவினார். அரத்தில் கை வைத்ததுபோல் ஒவ்வொரு வரியின் விளிம்பும் கையைப் பிடித்து இழுத்தது. முன்சக்கரங்கள் நேராக ஓடாமல், அளவுக்கு மீறி உள்நோக்கித் திரும்பி, சாலையில் உரசிக்கொண்டே வந்திருக்கின்றன. "டயர் மேல தப்பில்லீங்க. அலைன்மென்ட் போயிருக்கு. புதுசு மாட்டுனாலும் இதே கதிதான். பார்த்துட்டு நாளைக்கு வாங்க" என்றார். கைக்கு வந்த வியாபாரத்தை ஒருநாள் தள்ளிப்போட எல்லாருக்கும் மனம் வராது.

இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இதில் காற்றுக் குறைவுதான் ஆளைக் கொல்லும். சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு முறையும் டயரின் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. அதில் பிறக்கும் சூடு ரப்பரை விட்டு எளிதில் வெளியேறாது. உள்ளே ஒட்டியிருக்கும் அடுக்குகள் பிரிகின்றன. கோடையில் நெடுஞ்சாலை ஓரம் சுருண்டு கிடக்கும் ரப்பர் பட்டைகளைப் பார்த்து, எல்லாமே ரீட்ரெடிங் டயர் என்று பழிபோடுகிறோம். காற்றில்லாமல் ஓடினால் புது டயரும் அப்படித்தான் உரிந்து விழும்.

பழையதைப் பார்த்தபின் அடுத்த கேள்வி: "லோடு என்னங்க, எந்த லைன்ல ஓடுது?" கல்குவாரி டிப்பருக்கு ஆழமான, தடித்த பட்டன் வேண்டும், கூர்க்கல் வெட்டினாலும் தாங்கவேண்டும். அதே டயரை வடநாட்டு லைனில் ஓடும் லாரிக்கு மாட்டினால், தடித்த ரப்பரே சூட்டைக் கூட்டும். பட்டன் ஆழமாக இருந்தால் அதிக நாள் உழைக்கும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை.

பக்கச்சுவரில் சின்னதாக அச்சிட்ட எண்ணை யாரும் படிப்பதில்லை. அவர் டார்ச் அடித்துக் காட்டுவார். 10.00 ஆர் 20 அளவு டயர் ஒன்றில் 146/143 என்று இருக்கிறது. ஒற்றையாக ஓடினால் 3,000 கிலோ, ஜோடியாக ஓடினால் ஒவ்வொன்றும் 2,725 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 2018 ஜூலையில் மத்திய அரசு, நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கான எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அந்த நான்கு டயரும் சேர்ந்து தாங்குவது 10.9 டன்தான். பழைய வரம்புக்குப் போதுமானது புதிய வரம்புக்குப் போதாது. சட்டப்படி ஏற்றிய லோடே டயருக்கு ஓவர்லோடு! 295/80 ஆர் 22.5 அளவில் 152/148 என்று போட்டிருந்தால் ஜோடியில் ஒவ்வொன்றும் 3,150 கிலோ தாங்கும், கணக்கு சரியாகிவிடும்.

பின்சக்கர ஜோடியில் ஒன்று வெடித்தால், அந்த ஒன்றை மட்டும் புதிதாக வாங்க நினைப்பது வழக்கம். அவர் சம்மதிக்கமாட்டார். புதியது உயரம் கூடுதல். பாரத்தை அதுவே சுமக்கும், தேய்ந்தது சாலையில் இழுபடும். டேப்பால் சுற்றளவு எடுத்து, ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்த டயர் ஸ்டெப்னியில் இருந்தால் அதை ஜோடி சேர்ப்பார்.

ஜீப் ரகக் கார்க்காரர்களும் வருவார்கள். பெரிய பட்டன், அகலமான டயர், பார்க்கக் கம்பீரம். மாதத்தில் எத்தனை நாள் சேற்றில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்பார். பெரும்பாலும் பதில் வராது. தார்ச்சாலையில் அந்த டயர் இரையும், டீசலையும் கூடுதலாகக் குடிக்கும்.

மறுநாள் அந்த லாரி அலைன்மென்ட் சீட்டோடு வந்தது. முன்னால் போட்ட இரண்டு டயரிலும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நான்கு இலக்க எண்ணைப் படித்துக் காட்டினார். கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். டிரைவரைக் கூப்பிட்டு, அவர் உள்ளங்கையைப் பிடித்துப் புது டயரில் இரண்டு பக்கமும் தடவ வைத்தார்.

"இப்ப எப்படி இருக்குதுன்னு ஞாபகம் வச்சுக்கங்க தம்பி. அஞ்சாயிரம் ஓடுனதும் இதே மாதிரி தடவிப் பாருங்க."

டிரைவர் இன்னொரு முறை, தானாகவே, தடவிப் பார்த்தார்.