தறியில் ஏறிய கியர்பாக்ஸ்

ஜக்கார்டுப் பெட்டியைக் கால் மிதித்துத் தூக்காமல், சிறு மோட்டாரும் கியர்பாக்ஸும் தூக்கினால் அது கைத்தறிச் சேலைதானா? ஆரணி, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் வட்டாரப் பட்டு நெசவில் இந்தக் கேள்வியைத் தறிக்குழிப் பக்கம் நின்றுதான் கேட்க வேண்டும். அங்கே நெசவாளர் கையும் காலும் செய்வதைப் பார்த்தபின் என் பதில், கைத்தறிதான். ஆனால் வாங்குகிறவரிடம் சொல்லி விற்க வேண்டும். அங்குலத்துக்கு 70 ஊடை என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை மீட்டர் சேலைக்கு 15,000 ஊடைக்கு மேல் ஆகிறது. புட்டா விழும் ஒவ்வொரு ஊடைக்கும் நூல்களையும் அவற்றில் தொங்கும் எடைகளையும் கால்தான் தூக்கியாக வேண்டும். எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டையில் குத்திய துளை முன்பே முடிவு செய்துவிட்டது. காலுக்கு மிச்சம் வெறும் பாரம்.

மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று சுற்றும். கை 36 ஊடை போட்டால், கியர்பாக்ஸ் அந்த வேகத்தை நாற்பதில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். வேகம் குறையக் குறைய இழுவை கூடும். அதனால் சின்ன மோட்டாரே போதும். சூட்சுமம் பொருத்துவதில் இருக்கிறது. ஃபிட்டர் போல்ட்டுகளை முதலில் விரலால்தான் ஏற்றுகிறார். மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கப்ளிங்கின் இரு முகங்களுக்கும் நடுவே மேல், கீழ், இடம், வலம் என்று ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்கிறார். இடைவெளி ஒத்துவராவிட்டால் மோட்டார் காலடியில் மெல்லிய தகடு செருகுகிறார். பழைய அம்பாசடர் எஞ்சினில் கியர்பாக்ஸ் ஏற்றுகிறவருக்கும் இதே கறார்தான்: கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தாமல் போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கப் பார்த்தால், ஏதாவது வளையும் அல்லது உடையும். தறியில் இந்தக் கோணல் அதிர்வாகிக் கயிறு வழியே பாவுக்கு இறங்கும். பட்டிழை அறுந்தால் முடிபோட்டே பொழுது போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, விசைத்தறி அல்லாததே கைத்தறி. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் தீர்ப்பளித்தது. மின்சாரம் தறியில் எதைத் தொட்டாலும் அது விசைத்தறி என்று எழுத்தை இறுக்கிப் படிக்க முடியும். ஆனால் நெசவாளரின் பிழைப்பைக் காக்க வந்த சட்டம் அவர் முழங்காலைக் காக்கக் கூடாதென்று படிப்பது வீம்பு. இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு: இன்று ஜக்கார்டு, நாளை நாடா, மறுநாள் முழு விசைத்தறி, மேலே மட்டும் கைத்தறிச் சீட்டு. இந்தப் பயம் வீண் பயமல்ல. விசைத்தறிச் சேலை கைத்தறி விலைக்குப் போவது கடைத்தெரு அறிந்த சங்கதி. அதற்குத்தான் கோடு வேண்டும். நாடா எறிவதும் பன்னையை இழுத்து அடிப்பதும் கையிடம் இருக்கும்வரை, வேகத்தை வைப்பது நெசவாளர்தான்; அவர் நிறுத்தினால் மோட்டார் வெறுமனே காத்துக் கிடக்கும். நாடாவுக்கும் மோட்டார் வந்த அன்றைக்கு அந்தத் தறிக்குக் கைத்தறிச் சீட்டு கிடையாது என்று எழுதிவைக்கலாம், அதைச் சோதிக்கக் கருவிகூட வேண்டாம், தறிப் பக்கம் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.