புளி போட்டேன், பேர் போச்சு!

எங்கள் ஊர் கரூர். என் மாமனார் இளவயதில் அமராவதி ஆற்று மணலில் கண்டெடுத்த செப்புக் காசு ஒன்று, அவருடைய வெற்றிலைப் பெட்டியிலேயே கிடந்தது. நெற்றிப் பொட்டளவுதான், எடை ஒரு கிராம் இருந்தால் அதிகம். பாசி பிடித்தாற்போல் பச்சையாக இருக்கும். அவருடைய முதல் வருஷத் திதிக்குப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தவள், 'இதையும் பளிச்சுன்னு ஆக்கிடுவோமே' என்று புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

என் கணவர் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மனசு கேட்காமல், பழங்காசு பற்றித் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் வலப்புறம் திரும்பிய முகம், தலையில் முத்துப் பட்டம். மறுபக்கம் இறக்கை முளைத்த வெற்றித் தேவதை ஒரு கைதியை இழுத்துப் போகிறாள்.

"ரோமானியக் காசும்மா. கரூர் ஆத்துல இது மாதிரி நிறையக் கிடைச்சிருக்கு. 4-ஆம் நூற்றாண்டுக் கடைசி, இல்லாட்டி 5-ஆம் நூற்றாண்டு ஆரம்பம். முகத்தைச் சுத்தி லத்தீன்ல ராஜா பேர் இருக்கும். அது தேய்ஞ்சுபோச்சு. இருந்திருந்தா இன்னார்னே சொல்லியிருப்பேன்" என்றார்.

அந்தப் பச்சைதான் செம்புக்குக் கவசமாம். புளி அதைக் கரைக்கும்போது எழுத்தும் கூடவே போய்விடுமாம்.

திரும்பும் வழியில், "ஏதோ ராஜா பேர்தானே போச்சு? எங்கப்பா பேர் போகலையே, விடு" என்றார் இவர். அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கிற்று.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் பழங்காசு இருந்தால் தேய்க்காதீர்கள். மெல்லிய, காய்ந்த பிரஷ்ஷால் மண்ணை மட்டும் தட்டிவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள். பளபளப்பெல்லாம் பாத்திரத்தோடு இருக்கட்டும்.