சைக்கிள் சீட்டும் எழுபது வயதும்

இந்த முறை எழுதப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். சைக்கிள் சீட்டைப் பற்றியும், அதில் உட்காரும் இடத்தைப் பற்றியும். என் வயதில் சைக்கிளை விட்டுவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். முழங்கால் வலி, மூச்சு வாங்குகிறது, ரோட்டில் லாரி அதிகம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கிக் கேட்டால், "உக்கார முடியலைங்க" என்று மெல்லிய குரலில் உண்மை வெளிவரும்.

என் கதை ஓரளவு உங்களுக்குத் தெரியும். பிறந்தது காரைக்கால், படித்தது பிரெஞ்சு வழியில், உழைத்தது அரசு அலுவலக மேசையில். ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரான ராசிபுரம் பக்கம் வந்து சேர்ந்தேன். கண்புரை அறுவைக்குப் பிறகு ஸ்கூட்டரை விற்றாயிற்று. பஸ் நிற்கும் இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். நூலகம், சந்தை, மருந்துக் கடை எல்லாம் அதற்கும் அப்பால். சைக்கிள் இருக்கும்வரை இதற்கெல்லாம் நான் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். "போதும்ப்பா, சொன்னா நான் கூட்டிட்டுப் போறேன்" என்கிறான் மகன். அன்பாகத்தான் சொல்கிறான். ஆனால் ஒரு பத்திரிகை வாங்க இன்னொருவரின் ஓய்வு நேரத்துக்குக் காத்திருப்பது எப்படி என்று என் வாசகர்களுக்குத் தெரியும்.

அவன் வாங்கித் தந்த புதுச் சைக்கிள் பார்க்க அழகு. சீட் மட்டும் பாக்குவெட்டி மாதிரி ஒடுக்கம். குனிந்து ஓட்டினால் முதுகு பிடித்தது. அதனால் ஹாண்டில்பாரை உயர்த்தி நிமிர்ந்து உட்காரும்படி மாற்றினேன். முதுகு சரியாயிற்று. ஆனால் கால் மணி நேரத்தில் கீழே மரத்துப்போகத் தொடங்கியது. கடையில் மெத்தென்று ஒரு ஜெல் உறையைப் போர்த்திக் கொடுத்தார்கள். மரப்பு இன்னும் சீக்கிரம் வந்தது!

ஏன் என்று யோசித்தபோது விஷயம் எளிது. நம் இடுப்புக் கூட்டின் அடியில் இடமும் வலமுமாக இரண்டு எலும்பு முனைகள் உண்டு. பலகையில் சப்பணமிட்டு உட்கார்ந்தால் உறுத்துமே, அவைதான். உடல் எடையைத் தாங்கப் படைக்கப்பட்டவை அவை. அவற்றுக்கு நடுவிலுள்ள மென்மையான பகுதி எடை தாங்குவதற்கானது அல்ல. நரம்பும் ரத்தக் குழாயும் அங்கேதான் ஓடுகின்றன. சீட் ஒடுக்கமாக இருந்தால் எலும்புகளுக்கு இடமில்லாமல் எடை நடுவில் விழுகிறது. சீட் மிக மெத்தென்று இருந்தால் எலும்புகள் புதைந்து, நடுவில் இருக்கும் பஞ்சு மேலே பிதுங்கி அதே இடத்தை அழுத்துகிறது.

பந்தயக்காரர்கள் ஒடுங்கிய சீட்டில் எப்படி ஓட்டுகிறார்கள் என்று கேட்கலாம். அவர்கள் குனிந்திருப்பதால் எடையில் ஒரு பங்கு கைக்குப் போகிறது. வேகமாக மிதிப்பதால் இன்னொரு பங்கு காலுக்குப் போகிறது. நாமோ கோயில் தேர் மாதிரி நிமிர்ந்து, நிதானமாகப் போகிறவர்கள். எடை அவ்வளவும் சீட்டின் மேல்தான். ரோட்டுக் குழியின் அதிர்ச்சியும் முதுகெலும்பில் நேராக ஏறும். ஆகவே நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு வேண்டியவை மூன்று: அகலம், ஓரளவு கெட்டியான மேற்பரப்பு, பின்னால் ஸ்பிரிங்.

அகலம் எவ்வளவு என்பதை வீட்டிலேயே அளக்கலாம். சாமான் வந்த அட்டைப் பெட்டியிலிருந்து நெளிவுள்ள அட்டை ஒன்றை வெட்டி, கெட்டியான ஸ்டூலில் போட்டு, மெல்லிய வேட்டியோடு நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு நிமிடம் பொறுத்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளந்துகொள்ளுங்கள். எனக்கு 11.5 செ.மீ. வந்தது. நிமிர்ந்து ஓட்டுபவர் அதோடு 4 செ.மீ. போலக் கூட்டிக்கொள்ளலாம். ஆக எனக்குக் குறைந்தது 15.5 செ.மீ. தட்டையான இடம் வேண்டும். சீட்டின் ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெண்களுக்குப் பொதுவாக இந்த எலும்புகளின் இடைவெளி அதிகம். லேடீஸ் சைக்கிள் சீட் அகலமாகவும் மூக்கு குட்டையாகவும் வருவது அதனால்தான்.

பிரெஞ்சில் குதிரைச் சேணத்துக்கும் சைக்கிள் சீட்டுக்கும் ஒரே சொல்: 'செல்'. சின்ன வயதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிற்பாடு சரித்திரம் படித்தபோது பொருத்தமாகத் தோன்றியது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1866-ல் குதிரைச் சேணமும் தோல் சாமானும் செய்யத் தொழில் தொடங்கியவர் ஜான் போல்ட்பீ புரூக்ஸ். அவருடைய குதிரை இறந்துபோக, சைக்கிளில் வேலைக்குப் போய், அதன் சீட் தாங்காமல் தானே ஒன்று செய்தார் என்று சொல்வார்கள். 1882-ல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். கெட்டித் தோலை இரும்புச் சட்டத்தில் தொட்டில் போல இழுத்துக் கட்டிய சீட் அது. பஞ்சே கிடையாது. ஓட்ட ஓட்ட, எலும்பு படும் இடத்தில் தோல் குழிந்து, உரியவரின் உடம்புக்கேற்ப அமைந்துகொள்ளும்.

நம் அப்பாக்கள் ஓட்டிய ராலே, ஹெர்குலிஸ் வண்டிகளின் தோல் சீட் அந்த வம்சம்தான். அப்படிப்பட்ட சீட்டுக்கு மரப்பட்டையால் பதனிட்ட தோல் ஏற்றது. பட்டைப் பதனீடு நமக்குப் புதிதல்ல. சேலம், நாமக்கல் மேட்டு நிலங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதே ஆவாரை, அதன் பட்டைதான் தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புகளில் நெடுங்காலம் பதனிடப் பயன்பட்டது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் செடிக்கு இப்படியும் ஒரு தொழில்!

இன்று நல்ல இறக்குமதித் தோல் சீட் ஒன்றின் விலை சாதாரண சைக்கிளின் விலையைத் தாண்டும். ஓய்வூதியக்காரனுக்கு அது ஆகாது. எங்கள் பக்கத்து சைக்கிள் கடைக்காரரிடம் அட்டையையும் அளவையும் காட்டினேன். ஒரு நிமிடம் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஏனுங்கய்யா, மெத்து மெத்துன்னு இருக்கறது கடையில அமுக்கிப் பாக்கத்தானுங்க நல்லாருக்கும். ஓட்டறதுக்குக் கெட்டியாத்தான் வேணுமுங்க" என்று சொல்லி, பரணிலிருந்து ஒன்றை எடுத்தார். பால்காரர்கள் பெரிய சைக்கிளில் போடும் வகை. ரெக்சின் மேலுறை, உள்ளே கெட்டி ஃபோம், பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங். சில நூறு ரூபாய்தான். புதுச் சைக்கிளின் கம்பியில் அது பொருந்தவில்லை. அதற்கேற்ற கிளிப்பை மாற்றிப் பூட்டிக் கொடுத்தார்.

பூட்டுவதிலும் கவனம் வேண்டும். சீட் மேல் ஒரு மரப்பலகையை வைத்துப் பார்த்தால் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். மூக்கு மேலே தூக்கினால் நடுவில் அழுத்தும். கீழே சாய்ந்தால் வழுக்கி, எடை மணிக்கட்டுக்குப் போகும். உயரத்துக்கு ஒரு கணக்கு: மிதி கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கும். இறங்கி நிற்கப் பயமிருந்தால் ஓர் அங்குலம் தாழ்த்திக்கொள்ளலாம். நம் வயதில் விழாமல் இருப்பது முக்கியம்.

எந்தச் சீட்டானாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மிதிமேல் எழுந்து நின்று சில விநாடி ஓட்டுங்கள், ரத்தம் ஓடட்டும். புதுச் சீட்டில் முதல் வாரம் எலும்பு முனைகளில் கொஞ்சம் வலிப்பது சகஜம், அது அடங்கிவிடும். மரத்துப்போவது அப்படியல்ல. அதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள், சீட்டை மாற்றுங்கள். அப்படியும் போகாவிட்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது நாலு மாதமாகிறது. காலையில் வெயில் ஏறுமுன் கிளம்பி, குச்சிக்கிழங்குக் காடுகளைத் தாண்டி நூலகம் போய் வருகிறேன். கிழக்கே கொல்லிமலை கூடவே வருகிறது. முக்கால் மணி நேரம் ஓட்டியும் மரப்பு இல்லை. மகன் இப்போதெல்லாம் "போதும்ப்பா" என்பதில்லை. போன வாரம் வந்தபோது, தன் வண்டியின் சீட்டை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அந்த அட்டை இன்னும் இருக்காப்பா?" என்று கேட்டான்.